செருப்புப் பாரில் ஒரு மத்தியானம்

என் அண்ணன் எஸ்கிலோடு கடைசியாகக் கடலுக்குப் போனவர் ப்ரோகாப். அவர் திரும்பி வந்தார், எஸ்கில் வரவில்லை. அது நடந்து சரியாக ஒரு வருடம் கழித்து, தொண்ணூற்று நாலாம் வருடம் ஜூலை மாதம், அந்த மனிதர் அதே பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் துறையில் மறுபடியும் வந்து இறங்கினார்.

போர்ட் ஹார்லனில் விமானம் தண்ணீரில்தான் இறங்கும். அலாஸ்காவின் இந்தப் பக்கத்துக் கரையில் மலைக்கும் கடலுக்கும் நடுவே எங்களுக்கு ஒரு தெருதான் உண்டு, ஓடுதளத்துக்கு இடம் ஏது? அதனால் யார் வந்தாலும் போனாலும் துறையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ப்ரோகாப் பலகையில் கால் வைத்ததும் பேச்சு நின்றது. வலை தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து அந்தப் பக்கமாகப் போய்விட்டார்கள்.

அவர் கடலே இல்லாத நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது. மனைவி இறந்த பிறகு பதினோரு வருடமாக ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு வாரம் வருவார். எஸ்கில் படகில் மட்டும்தான் போவார். வேறு படகில் இடம் காலியாக இருந்தாலும் ஏறமாட்டார். “உன் அண்ணன் பேசாம இருக்கத் தெரிஞ்சவன்மா. மத்தவனெல்லாம் மீன் கடிக்கலைன்னா கதை சொல்ல ஆரம்பிச்சிடறான்” என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

படகு மூழ்கிய விபத்துக்கு அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் அவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. “அவன் கிளம்பலாம்னான். நான்தான் இன்னும் ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்னேன்.” இவ்வளவுதான் சொன்னார். எங்களுக்கு அதுவே போதும். ஒரு கிழவனின் மீன் ஆசைக்கு எஸ்கில் பலியாகிவிட்டான் என்று தீர்ந்துபோனது.

அதை எல்லாரையும்விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவள் மார்லிஸ், எஸ்கிலின் மனைவி. நானும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அண்ணனைக் கட்டிக்கொண்ட அன்றைக்குக் கிண்டலுக்காக அவளை ‘அண்ணி’ என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் பிடித்து வரும் மீனை அறுத்து, பையில் அடைத்து, உறையவைத்து அனுப்பும் கொட்டகையில் அவள் வேலை செய்தாள். அந்த ஒரு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. ப்ரோகாப் என்ற பெயரைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடும்.

ப்ரோகாப் நேராக என் படகுக்குத்தான் வந்தார். நான் மறுநாளைக்கு இரை வெட்டிக்கொண்டிருந்தேன்.

“சிக்னே.”

நான் நிமிரவில்லை.

“என்னை ஒரு நாள் கடலுக்குக் கூட்டிட்டுப் போம்மா.”

“ஊர்ல பதினாலு படகு இருக்கு சார்.”

“அந்தப் பதினாலு பேருக்கும் நான் சொல்ல வேண்டியது ஒண்ணுமில்ல. உனக்குத்தான் இருக்கு.”

“இங்கேயே சொல்லுங்க. கேக்கறேன்.”

அவர் துறையைச் சுற்றிப் பார்த்தார். மீன் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. “கரையில வாய் வரமாட்டேங்குது. செருப்புப் பாருக்குப் போனா வரும்.”

செருப்புப் பார் என்பது கரையிலிருந்து பதினெட்டு மைல் தள்ளி, கடலடியிலிருந்து எழும்பி நிற்கும் பாறைமேடு. வரைபடத்தில் ஒற்றைச் செருப்பு மாதிரி தெரியும். ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன் அதன்மேல் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கும். எஸ்கில் கடைசியாகத் தூண்டில் போட்ட இடம் அதுதான். ஒரு வருடமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை.

கூட்டிப்போகிறேன் என்று ஏன் சொன்னேன்? இரக்கத்தால் இல்லை. நடுக்கடலில் இவரை நிற்க வைத்து நறுக்கென்று நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி இருந்தது. கரையில் கேட்டால் யாராவது வந்து விலக்கிவிடுவார்கள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எண்ணெய் நிரப்பப் போனேன். எங்கள் ஜூலையில் நாலு மணிக்கே விடிந்துவிடும். எண்ணெய்த் துறையில் இருக்கும் ஆர்வில் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு என் படகுக்குள் எட்டிப் பார்த்தான்.

“என்ன சிக்னே, ஆளோட பையில வாழைப்பழம் ஏதும் இருக்கான்னு பாத்துக்கிட்டியா?” வாழைப்பழம் படகுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“இல்ல.”

“பார்க்காட்டியும் ஒண்ணும் கெட்டுப்போகல. வாழைப்பழத்தைவிட மோசமான சரக்கை ஏத்தியிருக்கே.” ப்ரோகாப் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னான்.

ப்ரோகாப் தொப்பியைக் கழற்றி, “காலை வணக்கம் ஆர்வில்” என்றார். ஆர்வில் தண்ணீரில் துப்பினான்.

முதலில் வடக்கு முனைக்குப் போய் சால்மனுக்குப் போட்டோம். நேராகப் பாருக்குப் போகலாம்தான். ஆனால் அங்கே நீரோட்டம் அடங்க பதினொன்றரை ஆகும். ஹாலிபட்டுக்கு நின்ற தண்ணீரில்தான் போடவேண்டும். கறுத்த பாறையில் அலை ஏறி ஏறி வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. கடற்பாசிக் காட்டின் ஓரமாகப் படகை மெல்ல ஓட்டினேன். ஈயக்குண்டு தூண்டிலைப் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்துக்கு இழுத்துப் போனது. கால் மணி நேரத்தில் ஒன்று கடித்தது. வெள்ளிச் சால்மன், இரண்டு தடவை தண்ணீருக்கு மேலே எகிறி வாலால் காற்றை அடித்தது. ப்ரோகாப் அவசரப்படவில்லை. தூண்டில் சுருளின்மேல் கட்டைவிரலை லேசாக அழுத்திக்கொண்டு மீன் ஓடும்போது விட்டு, நிற்கும்போது சுற்றினார். அந்தக் கட்டைவிரல் வைக்கும் விதம் எஸ்கிலுடையது. வலைக்கரண்டியை நீட்டி மீனைக் கோரிப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எட்டு மணிக்குள் மூன்று வெள்ளிச் சால்மனும், முப்பது பவுண்டுக்குக் குறையாத ராஜச் சால்மன் ஒன்றும் பெட்டியில் கிடந்தன. நாங்கள் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டோம். அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். போன வருடத்தைவிட மிகவும் இளைத்திருந்தார். சட்டைக் கழுத்து தொளதொளவென்று நின்றது.

பதினொன்றரைக்குப் பாருக்கு வந்து சேர்ந்தோம். கடல் எண்ணெய் மாதிரி இருந்தது. எஞ்சினை நிறுத்தினேன். ஒரு பெரிய இரும்புக் கொக்கியில் சால்மன் தலையை மாட்டி அவர் கையில் கொடுத்தேன். நாற்பது பாகம் இறங்கி ஈயம் பாறையில் தட்டியது. இரண்டு முழம் மேலே தூக்கிக்கொண்டார்.

“சொல்லுங்க சார்” என்றேன்.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“அதிகாரிங்ககிட்ட நான் சொன்னது பொய்ம்மா.”

“எது?”

“அன்னைக்கு ஒரு மணிக்கே பெட்டி நிறைஞ்சுபோச்சு. சாயங்காலம் தென்கிழக்கிலேருந்து காத்து வருதுன்னு ரேடியோவுல காலைலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு வயித்தைப் பொரட்டுது. ‘போதும் எஸ்கில், கிளம்பலாம்’னு சொன்னது நான்தான். அவன்தான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னான்.”

“என் அண்ணனா? காத்து வருதுன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் முன்னாடி வீட்டுக்கு ஓடறவன் அவன். துறையில அதுக்கே அவனைக் கேலி பண்ணுவாங்க.”

“தெரியும். அதனாலதான் நானும் ஒண்ணும் சொல்லல. அவனுக்கு ஏதோ மீன் மேல கண்ணுன்னு நெனைச்சேன். ஆனா அவன் தூண்டிலே போடலம்மா. இரைப்பெட்டி மேல சும்மா உக்காந்திருந்தான். ரெண்டு மணிக்கு மறுபடி கேட்டேன். மூணு மணிக்குக் கேட்டேன். கொஞ்சம் கோபமாவே கேட்டேன். அப்பத்தான்...”

அந்த நேரம் பார்த்துத் தூண்டில் வளைந்தது.

மீனுக்கு யார் கதையும் தெரியாது. கம்பு நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. ப்ரோகாப் முழங்காலைப் படகு விளிம்பில் முட்டுக்கொடுத்து நின்றார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பது நிமிடம். கிணற்றிலிருந்து உரலைத் தூக்குகிற மாதிரி ஒவ்வொரு முழமாக வந்தது. மேலே வந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரே வீச்சில் அடிவரை இறங்கிவிடும். இரண்டு தடவை அப்படி நடந்தது. மூன்றாம் தடவை பழுப்பு நிறத்தில், என் சாப்பாட்டு மேசையைவிட அகலமாக, ஒரே பக்கத்தில் இரண்டு கண்ணும் விழித்துக்கொண்டு மிதந்து வந்தது. உயிரோடு உள்ளே இழுத்தால் வாலாலேயே காலை முறித்துப் போடும். செவுளுக்குப் பின்னால் ஈட்டியைச் சொருகி, வாலில் கயிறு கட்டிப் படகோரமாகத் தொங்கவிட்டு, ரத்தம் முழுக்க வடியும்வரை காத்திருந்தோம். நூற்று நாற்பது பவுண்டு இருக்கும்.

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். என் கையெல்லாம் ரத்தம்.

“மூணு மணிக்கு என்ன சொன்னான்?” என்று கேட்டேன்.

“‘மார்லிஸ் என்னை விட்டுட்டுப் போறா சார்’னான். அன்னைக்குக் காலைல ரெண்டு பேருக்கும் சண்டையாம். ‘சாயங்காலம் நீ வரும்போது நான் இருக்கமாட்டேன், எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்’னு சொல்லிட்டாளாம். நான் என்னத்தைச் சொல்ல? ‘அப்படின்னா சீக்கிரம் போய்க் கையைப் பிடிச்சு நிறுத்துடா’ன்னேன். மாட்டேன்னு தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னான்: ‘நான் போகாத வரைக்கும் அவ வீட்லதான் இருக்கா சார். போய்க் கதவைத் திறந்தாத்தான் அவ இல்ல.’”

மீன் கட்டிய கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

“சாகணும்னு நெனைச்சு உக்காந்தவன் இல்லம்மா அவன். இதை நீ நம்பணும். இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம்னு தள்ளிப்போட்டான். அவ்வளவுதான். நாலரைக்குக் காத்து எழுந்ததும் துள்ளிக்கிட்டுத்தான் எஞ்சினைப் போட்டான். ஆனா துறைவாயிலுக்கு வர்றப்ப கடல் வத்தற ஓட்டம் வெளிய இழுக்குது, அலை உள்ள தள்ளுது. படகு குறுக்க திரும்பி, தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சிடுச்சு. தண்ணில மிதக்க வைக்கிற சிவப்பு ரப்பர் சட்டை ரெண்டு இருந்தது. ஒண்ணுல ஜிப் பாதியில நின்னுபோச்சு. நல்லதை எனக்கு மாட்டி, கழுத்துவரைக்கும் அவனே இழுத்து விட்டான்.”

“கடைசியா ஏதாவது சொன்னானா?”

“‘அலைக்கு மூஞ்சியைக் காட்டாதீங்க சார்’னான். வேற ஒண்ணும் இல்ல.”

எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. ஏழு மணிக்கு, படகு இன்னும் வரவில்லை என்று சொல்ல அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். மார்லிஸ் நீலக் கவுன் போட்டிருந்தாள். தலைகுளித்திருந்தாள். மேசையில் இரண்டு தட்டு வைத்து, அவனுக்குப் பிடித்த வெண்ணெய் உருளைக்கிழங்கு செய்து மூடி வைத்திருந்தாள். படுக்கையறையில் கட்டில்மேல் ஒரு பெட்டி பாதி துணியோடு திறந்து கிடந்தது. ஏதோ அலமாரியை ஒழுங்குபடுத்துகிறாள் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிந்தது, அவள் பெட்டியை அடுக்கவில்லை, பிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் போகவே இல்லை.

“இதை ஏன் ஒரு வருஷமா மறைச்சீங்க?”

“அந்தப் பொண்ணுக்கு நாப்பத்திரண்டு வயசு. இதைத் தூக்கிக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் நடப்பா? நான் கிழவன். என் தலைல ஒரு பழி கூடினா என்ன?”

“அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்க?”

அவர் சட்டைக் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். “எனக்கு வயித்துல கட்டி. குளிர்காலம் தாண்டமாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவன் கடைசி நாள்ல அவன் மனசு எப்படி இருந்ததுன்னு அவன் ரத்தத்துல ஒருத்தருக்காவது தெரியாம நான் போகக்கூடாது. ஆனா அவகிட்ட சொல்லாத. சத்தியம் பண்ணிக் குடு.”

ரத்தக்கையோடு அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். கேட்கவேண்டும் என்று கொண்டுபோன நாலு கேள்வியும் எங்கே போயினவோ.

மூன்று மணிக்குத் துறைக்குத் திரும்பினோம். நாங்கள் போனது மார்லிஸுக்குத் தெரிந்திருந்தது. ஆர்வில் சொல்லாமல் இருப்பானா? ஆரஞ்சு நிற ரப்பர் மேலங்கியோடு, அறுக்கிற கத்தியைக் கையில் வைத்தபடியே மீன்மேசைப் பக்கத்தில் நின்றாள். ஊரில் பாதி துறையில் இருந்தது. படகோரம் தொங்கிய மீனைப் பார்த்தாள்.

“செருப்புப் பாரா?” என்று கேட்டாள், என்னை இல்லை, அவரை.

“ஆமாம்மா.”

“நல்ல மீன்.”

அவர் தொப்பியைக் கழற்றினார்.

“நீதான இன்னும் ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்னு சொன்ன?”

ப்ரோகாப் என்னைப் பார்க்கவில்லை. “ஆமா, நான்தான்.”

“அவன் கிளம்பலாம்னு சொன்னான்?”

“சொன்னான்.”

“எத்தனை தடவை சொன்னான்?”

அவர் தொப்பியைக் கையில் சுருட்டினார். “மூணு தடவை.”

மார்லிஸ் கத்தியை மேசைப் பலகையில் குத்தி நிறுத்தினாள். கையுறை போட்ட கையால் அவர் கன்னத்தில் அறைந்தாள். ஈரக் கையுறை, சத்தம் துறை முழுக்கக் கேட்டது. அவர் அசையவில்லை. மறு கன்னத்திலும் அறைந்தாள். “ஒரு மீனுக்காகவா? ஒரு மீனுக்காகவாடா பாவி?” ஒருவரும் விலக்கவில்லை. நானும் விலக்கவில்லை. வாயைத் திறந்தால் சத்தியம் உடைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “உன் அண்ணனைக் கொன்னவனை நீ படகுல ஏத்தி மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போயிருக்கே. இனிமே என்னை அண்ணின்னு கூப்பிடாதே.”

மறுநாள் காலை விமானத்தில் ப்ரோகாப் போய்விட்டார். மீனில் ஒரு துண்டும் எடுத்துப்போகவில்லை. அந்த ஹாலிபட்டை ஊரில் யாரும் தொடவில்லை. கடைசியில் நானே அறுத்தேன். சாப்பிட மனம் வரவில்லை, பனிப்பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஒரு மாதம் மார்லிஸ் என்னோடு பேசவில்லை. கொட்டகையில் என் படகு மீன் வந்தால் வேறு ஆள் வந்து வாங்கிக்கொள்வார். ஆகஸ்ட் கடைசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளே என் வீட்டுக்கு வந்தாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் காபி வைத்தேன்.

“சிக்னே, அந்த ஆள் உங்கிட்ட என்ன சொன்னான்?”

“என்ன சொல்லணும்?”

“பதினெட்டு மைல் கூட்டிட்டுப் போனியே, சும்மாவா போனே? எஸ்கில் அன்னைக்கு அவன்கிட்ட ஏதாவது பேசினானாமா? என்னைப் பத்தி?”

அவள் கோப்பையைத் தொடவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல நினைத்தது ஆயிரம். சொன்னது இது:

“இல்ல. மீனைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தானாம்.”

அவள் முகம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தானே நடக்கவேண்டும்? காலையில் நடந்த சண்டை அவன் மனதில் இல்லை, அவன் சாதாரணமாகத்தான் இருந்தான் என்று ஆறுதல்படுவாள் என்று நினைத்தேன்.

“ஒரு வார்த்தைகூடவா பேசல?”

நான் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நாள் முழுக்க? என் பேரைக்கூட எடுக்கலையா?”

“அவருக்கு ஞாபகம் இல்லையோ என்னவோ, அண்ணி.”

“இருவது வருஷம் அவன்கூட இருந்திருக்கேன் சிக்னே.” அவள் குரல் உயரவில்லை. “கடைசி நாள்ல ஒரு கிழவன்கூட உக்காந்து மீனைப் பத்திப் பேசிட்டுச் செத்துப்போயிருக்கான்.”

எழுந்து போய்விட்டாள். காபி அப்படியே இருந்தது. நான் பின்னாலேயே ஓடியிருக்கவேண்டும். கதவுவரைக்கும் போனேன். சத்தியம் சத்தியம் என்று நின்றுவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவளைக் கொல்லும் என்று நானும் ப்ரோகாப்பும் ஒளித்துவைத்தோம். பொய்யும் அவளை விட்டுவைக்கவில்லை.

செப்டம்பரில் அவள் வீட்டைப் பூட்டி, சாவியை என் வாசற்படியில் வைத்துவிட்டு ராங்கலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரு கடிதமும் இல்லை.

பிப்ரவரியில் ப்ரோகாப்பின் மகளிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அப்பா ஜனவரி இருபதாம் தேதி போய்விட்டார், உங்களிடம் தெரிவிக்கச் சொல்லியிருந்தார் என்று எழுதியிருந்தாள். அந்த வருடம் அவர் ஏன் அலாஸ்காவிலிருந்து மீன் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பினார் என்று கேட்டதற்கு, மீன் கடிக்கவே இல்லை என்று சொன்னாராம்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று வாரம் தூங்கவில்லை. அப்புறம் ராங்கலுக்குக் கப்பல் சீட்டு எடுத்தேன். செத்தவருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினேன். பாவமோ புண்ணியமோ எனக்குத் தெரியாது.

மார்லிஸ் கதவைத் திறந்தபோது தலையில் நரை ஏறியிருந்தது. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே உள்ளே போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். ப்ரோகாப் மகளின் கடிதத்தை மேசைமேல் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கிளம்பலாம் என்றது யார், இருக்கலாம் என்றது யார், இரைப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது, எல்லாம். கடைசியில் எஸ்கில் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன்.

அவள் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

“மறுபடி சொல்லு.”

“எதை அண்ணி?”

“அவன் சொன்னதை. அப்படியே சொல்லு.”

“‘நான் போகாத வரைக்கும் அவ வீட்லதான் இருக்கா சார். போய்க் கதவைத் திறந்தாத்தான் அவ இல்ல.’”

“எத்தனை மணிக்குச் சொன்னான்?”

“மூணு மணிக்கு.”

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டரைக்கே பெட்டியைப் பிரிக்க ஆரம்பிச்சிட்டேன் சிக்னே. கோபத்துல சொன்னதுதான். போகணும்னு எனக்கு எங்க இருந்தது? அவன் காலைல சாப்பிடாமக்கூட போயிட்டானேன்னு மனசு கேக்கல. படகுங்களோட பேசற ரேடியோகிட்டப் போனேன். மைக்கைக் கையில எடுத்தேன். ‘நான் வீட்லதான் இருக்கேன், வா’ன்னு சொல்லணும். அவ்வளவுதான். நாலு வார்த்தை.”

“சொல்லலையா?”

“ஊரே அதைக் கேட்டுக்கிட்டு இருக்குமேன்னு வெக்கப்பட்டேன். ஆர்வில் வருஷம் முழுக்கக் கேலி பண்ணுவானேன்னு... மைக்கைத் திருப்பி மாட்டிட்டேன். சாயங்காலம்தான் வந்துடுவானே, நேர்லயே சொல்லிக்கலாம்னு.”

அதற்குமேல் அவளால் முடியவில்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிடித்துக்கொள்ள என்னை விட்டாள். அது ஒன்றுதான்.

அக்கா வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, பைகளை வாசலிலேயே வைத்துவிட்டு மறுபடி வெளியே போய்விட்டாள்.

கொஞ்சம் தெளிந்த பிறகு மார்லிஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். கடிதத்தை எடுத்து உறையின் பின்பக்கம் திருப்பி விலாசத்தைப் படித்தாள்.

“இது அவர் பொண்ணா?”

“ஆமா.”

“ரெண்டு கன்னத்துலயும் அடிச்சேன் அந்த மனுஷனை. ஊர் முன்னால. நின்னு வாங்கிக்கிட்டாரு.”

“அவரே விரும்பித்தான்...”

“நீ பேசாம இரு.” காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டாள். “உங்க அப்பா வெறுங்கையோட வரல, நூத்தி நாப்பது பவுண்டு மீன் பிடிச்சாருன்னு முதல்ல எழுதறேன். மத்ததை அப்புறம் எழுதறேன்.”

எழுதினாள். நான் படிக்கவில்லை, அவளும் காட்டவில்லை. நான்கு மணிக்கு எனக்குக் கப்பல். துறைவரை கூட வந்தாள். மழை தூறியது, அவள் தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை.

“இதை நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் தாங்கியிருக்கமாட்டேன்” என்றாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “இப்பவும் தாங்கறேன்னு நெனைச்சுக்காதே” என்றாள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசுகிறோம். காற்று எப்படி, மீன் எப்படி, அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி என்று கேட்டுக்கொள்கிறோம். அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன், அவள் தடுப்பதில்லை. எஸ்கில் பெயரை அவள் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஊருக்கு எப்போது வருவாய் என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டேன். “வீட்டுச் சாவி உங்கிட்டயே இருக்கட்டும். ஆனா நீயும் கதவைத் திறக்காதே” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.